விக்குகிற சத்தம்

என் கணவர் அருளையாவுக்கு இரண்டு காதுகள் உண்டு. ஒன்று அவருடைய இயந்திரத்துக்கு, மற்றது குறட்டை விடும்போது தலையணைக்கு. எனக்கென்று அவர் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் எங்கள் தமிழ் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசைக்குப் போவார்கள், மலையேறி இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரோசாலியாவிடம் போவார்கள், இல்லாவிட்டால் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். இவர் மட்டும் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போவார். கையில் ஒரு நீளத் தடி, அதன் நுனியில் சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு வட்டம். நிலத்துக்குள் உலோகம் கிடந்தால் அது சத்தம் போடும். லிபெர்த்தாத் தெருவில் இவர் பராமரிக்கிற கிழவர் முழங்கால் போன பிறகு அதை இவருக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்தவர் மகராசன். வாங்கியவருக்குப் பிடித்த விசர் இன்னும் இறங்கவில்லை.

சத்தம் போடும் என்றேனே தவிர, என்ன கிடக்கிறது என்று அந்த இயந்திரம் சொல்லாது. தோண்டித்தான் பார்க்க வேண்டும். அப்படித் தோண்டித் தோண்டி இவர் சேர்த்த புதையல் எங்கள் கட்டிலுக்குக் கீழே ஒரு பிஸ்கற் பேணிக்குள் இருந்தது: சோடா மூடிகள், துருப்பிடித்த திறப்புகள், சில லீராக் காசுகள், யாரோ கடலில் குளித்தபோது தவறவிட்ட பல்கட்டு ஒன்று. அந்தப் பல்கட்டை எறியச் சொல்லி நான் போட்ட சண்டை கீழ்மாடிவரை கேட்டது.

ஆனாலும் மனிதர் சத்தங்களைப் படித்துவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர்கூட வைத்திருந்தார். கணீரென்று வந்து, தோண்டினால் சோடா மூடியாக முடிகிற சத்தத்துக்குப் பெயர் சோதிலிங்கம். சோதிலிங்கம் எங்கள் சங்கத்துத் தலைவர், மேடையில் ஏறினால் முழக்கம், இறங்கினால் ஒன்றும் இல்லை. மெல்லிதாகக் கீச்சிடுகிற வெள்ளித்தாளுக்குப் பெயர் மரியமலர். நானும் ஒரு மலர்தான், ஆனால் இவள் வேறு, கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள். எந்தப் பக்கத்தால் வீசினாலும் ஒரே மாதிரி உருண்டையாக வருவது நல்ல சத்தம். அது காசாக இருக்கலாம், மோதிரமாக இருக்கலாம், கோலாப் பேணியின் வளையமாகவும் இருக்கலாம். தங்கமும் அந்த வளையமும் இயந்திரத்தின் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி என்பார். கடைசியாக ஒன்று உண்டு. ஒரு பக்கத்தால் வீசினால் 'டிக்' என்று வந்து அறுந்துபோகும், குறுக்கே வீசினால் ஒன்றும் இருக்காது. அது விக்குகிற சத்தம். அது துருப்பிடித்த ஆணி. விக்கினால் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார், குனிந்தும் பார்க்கமாட்டார்.

இந்தக் கதை அந்த விக்கலைப் பற்றியது.

வுச்சீரியாச் சந்தைக்கு மேலே, நாலாம் மாடியில் எங்கள் வீடு. ஓர் அறையில் நாங்கள், மற்ற அறையில் குகனேஸ்வரி. நாங்கள் மன்னார், கத்தோலிக்க வேதக்காரர். அவள் யாழ்ப்பாணம், சைவம். அவளுடைய அறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் என்னுடைய அந்தோனியாரும் இருப்பார், சண்டை சச்சரவு இல்லை. லிபெர்த்தாவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் வேலை செய்தாள். அவளுடைய கணவர் விக்னராஜா, தொண்ணூற்றாறாம் ஆண்டு தொடக்கத்தில் இங்கே அவளிடம் வரவென்று, ஆட்களைக் களவாகக் கொண்டுவருகிற ஏஜென்சிக்காரரோடு வெளிக்கிட்டு மொஸ்கோவரை வந்து சேர்ந்தார். அங்கிருந்து ஒருமுறை கதைத்தார். குளிர் கூட என்றாராம். அதன் பிறகு பேச்சு மூச்சு இல்லை. ஏஜென்சிக்காரரைக் கேட்டால் "வருவார், வருவார்" என்பார், பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

அவள் அவருக்கென்று ஒரு தடித்த கம்பளிக் கோட்டு வாங்கிக் கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருந்தாள். ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் மலையேறிப் போய் சாந்தா ரோசாலியாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்துவாள். அவள் போன நேரம் பார்த்து எங்கள் ரெலிபோன் சிலவேளை அடிக்கும். எடுத்தால் கர்ரென்று ஓர் இரைச்சல், ஒரு வெட்டு, பிறகு ஒன்றுமில்லை. லைன் பழுது என்று சொல்லிக்கொண்டோம். யார் எடுத்தாலும் இரண்டு தரம் ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

அந்த வருடம் பாஸ்குவெத்தா அன்று, அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்கள், ஊரே வெளியில் போய்ச் சமைத்துச் சாப்பிடுகிற நாளில், எங்கள் ஆட்களோடு நாங்களும் பகேரியாவுக்குப் போனோம். குகனேஸ்வரியின் சிஞ்ஞோராவுக்கு நீனோ என்று ஒரு தம்பி. அவருக்கு ஒரு பழைய வில்லாவின் மதிலுக்குப் பின்னால் தோட்டம் இருந்தது. ஒரு பக்கம் எலுமிச்சை மரங்கள், நடுவில் வெறும் நிலம், ஓரத்தில் ஒரு பெரிய ஒலிவ் மரம். இறைச்சி வாட்டினோம், சோறு தின்றோம், கயிறிழுத்தல் வைத்தோம். கலியாணம் கட்டின பெண்கள் ஒரு பக்கம், கட்டாதவர்கள் மறுபக்கம்.

குகனேஸ்வரி வரமாட்டேன் என்று மரத்தடியில் குந்திக்கொண்டிருந்தாள். "எழும்பு பிள்ளை. மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டிருந்தா மனிசன் கெதியா வந்திடுவாரோ?" என்று இழுத்துக்கொண்டு போய்க் கயிற்றின் நுனியில் விட்டது நான்தான். முதல்நாள் மழை பெய்து நிலம் சொதசொதவென்று கிடந்தது. இழுத்த இழுவையில் வென்றோம். வென்ற வேகத்தில் ஒருவர்மேல் ஒருவராக ஒலிவ் மரத்துப் பக்கமாகப் போய் விழுந்தோம். அன்றைக்குத்தான் அவள் கொஞ்சம் சிரித்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து குளிக்கப் போனவள் அப்படியே திரும்பி வந்தாள். கையைக் கழுத்தில் வைத்தபடி நின்றாள். தாலிக்கொடி இல்லை.

அறை, மாடிப்படி, புகையிரத நிலையம் எல்லாம் தேடினோம். மறுநாள் நீனோவின் தோட்டத்துக்குப் போய் நிலத்தைக் கண்ணால் துழாவினோம். எத்தனை பேர் மிதித்த சேறு, அதில் என்ன தெரியும். மழை வேறு விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

குகனேஸ்வரி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொட்டை அழித்துவிட்டு வந்து, "அவர் இல்லை அக்கா. அதுதான் தாலி தானாய்க் கழண்டு போட்டுது" என்றாள், அடுப்பில் கறி இல்லை என்று சொல்வதுபோல. நான் பேசாத பேச்சில்லை. கொழுக்கி தேய்ந்தால் எந்தச் சங்கிலியும் கழலும், நீ என்ன சாத்திரியாரோ என்று கேட்டேன். அவள் எதுவும் கேட்கிற நிலையில் இல்லை. புதன்கிழமை நான் வேலை முடிந்து வரும்போது, கோட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள். ஏழைகளுக்குக் கொடுக்கக் கோயிலில் வைத்திருக்கிற உடுப்புப் பெட்டிக்குள் போடப் போகிறாளாம். பறித்துக்கொண்டு வந்து திரும்பவும் கதவுக்குப் பின்னால் கொழுவினேன். தாலி கிடைக்காவிட்டால் இவள் அந்த மனிதரைத் தன் மனதுக்குள் புதைத்தே விடுவாள், பிறகு அவர் உயிரோடு வந்து நின்றாலும் இவளை மீட்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நீனோ சொல்லி அனுப்பினார்: திங்கள் காலை உழவு இயந்திரம் வரும், நிலத்தைப் புரட்டப் போகிறேன், தேடுவதென்றால் அதற்குள் தேடுங்கள்.

அதைக் கேட்டதும் என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்த வார்த்தைகளைச் சொன்னேன். "இஞ்சேருங்கோ, உங்கடை மெசினை ஒருக்கா எடுங்கோ."

அருளையா இரவு முழுக்க பற்றரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பெருமை முகத்தில்.

சனிக்கிழமை வருசப்பிறப்பு. அவள் பொங்கவில்லை. ஞாயிறு காலை மூவரும் பகேரியா ரயிலில் ஏறினோம்.

நிலத்தில் கம்பளி நூலைக் கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார். பிறகு டாக்குத்தர் மாதிரி அவளிடம் கேட்டார்.

"தங்கச்சி, கொடி என்ன மாதிரி? தடிப்போ, மெல்லிசோ?"

"தடிப்பு, அண்ணை."

"தாலி?"

"அதுவும் தங்கம். எல்லாம் தங்கம்தான்."

"வேறை ஒண்டும் இல்லையே, செப்பு கிப்பு?"

"இல்லை அண்ணை."

"அப்ப சரி." இயந்திரத்தில் ஒரு குமிழ் இருந்தது. அதைத் திருப்பினால் இரும்பைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடும். அவர் திருப்பினார். "இது பழைய தோட்டம். நிலம் முழுக்க ஆணியும் கம்பியும்தான். இரும்புக்கு வாயைப் பொத்தி வைச்சாத்தான் தங்கம் கேக்கும்."

தொடங்கினார். நான் சின்ன மண்வெட்டியோடு பின்னால் போனேன். அவர் காலால் காட்டுகிற இடத்தில் கிண்ட வேண்டும். முதலில் ஒரு சோதிலிங்கம். பிறகு ஒரு சோதிலிங்கம். பிறகு மரியமலர், நாங்களே ஆறேழு நாளுக்கு முன் இறைச்சி சுற்றின வெள்ளித்தாள். வேட்டைக்காரர் விட்டுப்போன தோட்டாக்களின் பித்தளை அடிகள் வந்தன, அவை நல்ல சத்தம் போடுகிற கள்ளர்கள். ஒவ்வொரு முறையும் குகனேஸ்வரி கிட்ட வந்து குனிவாள், பிறகு நிமிர்ந்து தள்ளிப் போவாள். கோலாப் பேணியின் வளையம் ஒன்று சேற்றுக்குள்ளிருந்து மஞ்சளாக மினுங்கியபோது நான் பாய்ந்து விழுந்து அள்ளினேன். அதை எறிந்த வேகத்தில் எனக்குக் கை சுளுக்கியது.

"விக்குது," என்று இடையிடையே சொல்வார், தனக்குத்தானே சொல்வதுபோல. தாண்டிப் போய்விடுவார். ஒலிவ் மரத்துப் பக்கம் இரண்டு மூன்று தடவை சொன்னார். அங்கே யாரோ முன்பு வேலி அடைத்திருக்க வேண்டும், ஆணி நிறைய என்றார்.

மத்தியானம் தாண்டியது. பாத்திகள் முடிந்துகொண்டே வந்தன. பாணும் மீன்பொரியலும் கொண்டு போயிருந்தோம், ஒருவரும் தொடவில்லை. கடைசிப் பாத்தியும் முடிந்தபோது அருளையா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு நாள் கேலி செய்த எனக்கே அந்த இயந்திரம் ஏதாவது செய்துவிடாதா என்று கோபம் கோபமாக வந்தது.

"காணும் அண்ணை," என்றாள் குகனேஸ்வரி மதிலடியில் இருந்துகொண்டு. "இல்லாததை எங்கை எண்டு தேடுறது? விடுங்கோ. போவம்."

தாலியைப் பற்றி மட்டும் அவள் அதைச் சொல்லவில்லை.

அருளையா தடியைத் தோளில் போடப் போனார். கண்டெடுத்த குப்பைகளைப் போட்டுவைத்த துணிப்பையின் வார் அறுந்து, சோடா மூடியும் தோட்டாவும் எல்லாமாகக் கொட்டுப்பட்டன. அவர் குந்தியிருந்து பொறுக்கினார்.

"மலர், ஒரு ஊசி கிடந்தாத் தாரும், இதைக் குத்த."

நான் கழுத்துக்குள் கையை விட்டு, தாலிக்கொடியில் கொழுவியிருந்த சட்டை ஊசி ஒன்றைக் கழற்றி நீட்டினேன். சேலைக்கும் சட்டைக்கும் குத்திப் பூட்டுகிற ஊசிதான். அவர் வாங்கவில்லை. ஊசியைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார்.

"உதை எங்கையிருந்து எடுத்தனீர்?"

"எங்கையிருந்தெண்டா? தாலியிலையிருந்து."

"தாலியிலை ஊசி கிடக்கோ?"

"இதென்ன கேள்வி? ஆத்திரம் அவசரத்துக்கு வேறை எங்கை கொழுவி வைக்கிறது? இத்தினை வருசம் என்னோடை குடும்பம் நடத்திப்போட்டு இப்ப கேக்கிறார்."

"ஆர் இதுக்குள்ளை பாத்தது," என்றார் அவர், வெட்கத்தோடு. பிறகு மெதுவாகத் திரும்பினார். "தங்கச்சி. உம்மடையிலையும்...?"

குகனேஸ்வரி எழும்பி நின்றுவிட்டாள். "நாலு கிடந்தது அண்ணை," என்றாள். "ஒண்டு பெரிசு."

"எல்லாம் தங்கம் எண்டனீர்."

"தாலி தங்கம் தானே. அது... ஊசி."

ஊசியைத் தாலியின் கணக்கில் எந்தப் பெண் சேர்ப்பாள்? எனக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் நானும் எல்லாம் தங்கம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆண்களுக்கோ அப்படி ஒரு சங்கதி உலகத்தில் இருப்பதே தெரியாது. கோயிலில் கட்டிவிட்ட அன்று பார்த்ததுதான், அதற்குப் பிறகு அந்தக் கொடி எங்கள் சட்டைக்குள் என்ன பாடு படுகிறதென்று அவர்களுக்கு என்ன தெரியும்.

அருளையா நிலத்தில் இருந்துவிட்டார். "இரும்புக்கு வாயைப் பொத்தச் சொல்லி நானே திருப்பி வைச்சிருக்கிறன்," என்றார். "தங்கம் கத்தினாலும் பக்கத்திலை கிடக்கிற இரும்பு அதின்ரை வாயையும் சேத்துப் பொத்தும். முழுசாக் கேக்காது. விக்கும்." ஒலிவ் மரத்துப் பக்கம் கையைக் காட்டினார். "எத்தினை விக்கலை விட்டுப்போட்டு வந்தனான்."

"அப்ப எல்லா விக்கலையும் கிண்டுவம்."

"இந்தத் தோட்டத்திலை நூறு ஆணி கிடக்கு மலர். இருட்டிறதுக்குள்ளை ஏலாது. ஆணியின்ரை விக்கல் எது, தாலியின்ரை விக்கல் எதெண்டு எனக்குத் தெரியோணும். நான் இதுவரை தாலியைக் கேட்டதில்லை."

அவர் அப்படிச் சொன்னதும் என் கை தானாகவே கழுத்துக்குப் போனது.

சொல்லிவிடுகிறேன், எனக்குச் சகுனம், சாத்திரம் ஒன்றிலும் நம்பிக்கை இல்லை என்று ஊரெல்லாம் கத்துகிறவள் நான். ஆனால் கலியாணம் கட்டின நாள் தொடக்கம் அந்தக் கொடியை ஒருநாளும் கழற்றியதில்லை. குளிக்கும்போதும் இல்லை, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இல்லை. கொழுக்கியில் விரல் வைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது. உண்மையாகவே பயமாக இருந்தது.

"கழட்டாதையும்," என்றார் அருளையா. "மலர், வேண்டாம். நான் வேறை வழி பாக்கிறன்."

"வேறை என்ன வழி? என்ரை புருசன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்குத் தாலி சொல்லத் தேவையில்லை. முன்னாலை நிண்டு கத்துறார், கேக்குது."

கழற்றினேன். ஊசிகளோடு சேர்த்து, சேறில்லாத ஓரிடத்தில் புல்லின்மேல் குவியலாக வைத்தேன். கழுத்தில் காற்றுப் பட்டது. நான் அருளையாவைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. மனிதர் நின்றார். வேர்த்து விறுவிறுத்து, சாரத்தை மடித்துக் கட்டியவர்போலக் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, மூக்கில் சேற்றோடு நின்றார். நல்ல வடிவாக நின்றார்.

குகனேஸ்வரியும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் என்னவோ அசைந்தது.

"அக்கா," என்றாள். "நீங்கள் கழட்டியும் அருளண்ணை நிக்கிறார்."

"நிக்காமல்? எங்கை போறது? ரயில் ரிக்கற் என்னட்டைத் தானே கிடக்கு."

அவள் சிரித்தாள். சிரிக்கத் தொடங்கியது அழுகையாகப் போய், திரும்பவும் சிரிப்பாக வந்தது. ஒரு கிழமையாக உள்ளே அடைத்து வைத்ததெல்லாம் அந்தத் தோட்டத்தில் இறங்கியது. நான் தடுக்கவில்லை.

அருளையா அதற்குள் வேலையில் இறங்கிவிட்டார். என் தாலிக்கு மேலே தடியை வீசினார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மூலைவாட்டாக. பக்கத்தில் ஓர் ஆணியை வைத்து அதற்கு மேலேயும் வீசினார். மாறி மாறிக் கேட்டார். பிறகு ஹெட்போனை எனக்கு மாட்டிவிட்டார். ஆணி: டிக், அறுந்தது. தாலி: டிக், அறுந்தது, அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்ததுபோல ஒரு சின்ன 'ஈ'. மூலைவாட்டாக வீசினால் மட்டும்.

"விக்கலுக்குப் பின்னாலை ஒரு இனிப்பு கிடக்கு," என்றார் அவர். "கேட்டீரோ?"

குகனேஸ்வரிக்கும் மாட்டினார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "ஓம் அண்ணை, விக்குது," என்றாள். பிறகு தன்பாட்டில், "விக்கிறதெண்டா ஆரோ நினைக்கினம்," என்றாள்.

விக்கல் எடுத்தால் தூரத்தில் யாரோ நினைக்கிறார்கள் என்று எங்கள் சனம் எல்லாரும் சொல்வதுதான். தண்ணீர் குடித்துவிட்டு மறந்து போகிற பேச்சு. அந்த இடத்தில் அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அருளையாவும் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எனக்குத் தாலியைத் திரும்பப் போட்டுவிட்டது அவர்தான். சேற்றுக் கையால் கொழுக்கி பிடிபடாமல் நெடுநேரம் என் பிடரியில் நின்று புறுபுறுத்தார். "முதல்தரம் கட்டேக்கை கோயில் சுவாமியார் பக்கத்திலை நிண்டு உதவினவர்," என்றார். "இந்த முறை நீங்கள் தனியத்தான், படியுங்கோ," என்றேன்.

திரும்பவும் தொடங்கினோம், இந்தமுறை ஒலிவ் மரத்தடியிலிருந்து. குமிழ் திருப்பினபடியே இருந்தது. ஒவ்வொரு விக்கலிலும் நின்று மூலைவாட்டாக வீசினார். ஆணி. ஆணி. முள்ளுக்கம்பித் துண்டு. வெயில் மதிலுக்கு மேலே ஏறிவிட்டது. ரயில் இன்னும் உண்டு, ஆனால் வெளிச்சம் போய்விடும். நான் அந்தோனியாரோடு உரத்துப் பேரம் பேசத் தொடங்கியிருந்தேன்.

மரத்தின் வேர் ஒன்று நிலத்துக்கு மேலே முதுகு காட்டுகிற இடம். நாங்கள் குவிந்து விழுந்த இடம் அதுதான். அருளையா வீசினார், நின்றார். குறுக்கே வீசினார். பிறகு மூலைவாட்டாக. இன்னொருமுறை. ஹெட்போனைக் கழற்றிக் குகனேஸ்வரியின் தலையில் வைத்தார்.

அவள் மண்வெட்டிக்குக் காத்திருக்கவில்லை. முழங்காலில் விழுந்து கையால் கிண்டினாள். வேருக்கும் சேற்றுக்கும் இடையில் நாலு விரல் ஆழத்தில் முதலில் வந்தது பெரிய ஊசி, துருவேறி, வாயைத் திறந்தபடி வேரின் தோலில் குத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் தொட்டு இழுக்க மற்ற மூன்று ஊசிகள். அவற்றோடு சேர்ந்து, சேற்று உருண்டைக்குள்ளிருந்து, கொடியும் தாலியும்.

அவள் அதைச் சேலைத்தலைப்பில் துடைப்பதுபோலத் தன் சட்டை நுனியில் துடைத்தாள். கண்ணில் ஒற்றினாள். நாங்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தோம். அருளையா ஒலிவ் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார், அழுகிறார் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்.

"உந்த ஊசியளை எறியும் தங்கச்சி," என்றார் போகும்போது. "எல்லாக் கரைச்சலும் அதாலைதான்."

"எறியமாட்டன் அண்ணை. அதுதானே பிடிச்சு வைச்சிருந்தது," என்றாள் அவள். துருப்பிடித்த நாலு ஊசியையும் திரும்பக் கொழுவி, கொழுக்கியை நூலால் சுற்றிக் கட்டி, தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள். நீனோவின் குழாயில் முகம் கழுவினாள். ரயிலில் எங்கள் மீன்பொரியல் முழுவதையும் அவளே தின்றாள்.

வீட்டுக்கு வந்து நான் தேத்தண்ணி வைத்தேன். அன்றைக்கு அவள் மலைக்குப் போகவில்லை, நேரமும் இல்லை. அறைக்குள் போய் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். அப்போது ரெலிபோன் அடித்தது.

அருளையா எடுத்தார். "ஹலோ," என்றார். "ஹலோ." எனக்குத் தெரியும், இனி வைத்துவிடுவார், நானென்றாலும் வைத்திருப்பேன். இரைச்சல் அடுப்படிவரை கேட்டது.

அவர் வைக்கவில்லை. தலையைச் சரித்துக்கொண்டார். ஹெட்போனுக்குள் கேட்கும்போது சரிப்பாரே, அதே மாதிரி. ஒரு கையை நிலத்தைப் பார்த்து நீட்டி, ஒருவரும் அசைய வேண்டாம் என்று காட்டினார்.

"வையாதையுங்கோ," என்றார் ரெலிபோனுக்குள். "ஆரெண்டாலும் வையாதையுங்கோ. நான் நிக்கிறன்."

கர்ரென்றது. வெட்டியது. திரும்பக் கர்ரென்றது. நான் கேத்திலை அணைத்தேன். குகனேஸ்வரி கதவடியில், அந்தக் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விக்குது," என்றார் அருளையா மெல்ல. பிறகு அவருடைய முகம் மாறியது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "தங்கச்சி, இஞ்சை வாரும். உள்ளுக்கை ஆள் இருக்கு."

அவள் ஓடவில்லை. நடந்து வந்து வாங்கினாள். காதில் வைத்துக்கொண்டு இரைச்சலுக்குள் கேட்டாள், பொறுமையாக, தோட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதுபோல. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் எந்த ஊர் ரெலிபோன் பெட்டிக்குள் நின்று, எங்கள் ஹலோவைக் கேட்டுக்கொண்டு, தன் குரல் வந்து சேருமுன் நாங்கள் வைத்துவிட்ட சத்தத்தையும் கேட்டாரோ, அது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். அவளும் சொல்லவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றாள்.

அங்கிருந்து என்ன கேட்டாரோ தெரியாது. அவள் மற்றக் கையால் தாலியைப் பிடித்துக்கொண்டு, ஊசிகள் ஒன்றோடொன்று முட்டிக் கிலுகிலுக்க, "ஓம்," என்றாள். "ஓம். வைக்கேல்லை. இஞ்சைதான் நிக்கிறன், கதையுங்கோ."